ஸ்டென்ட் சமனாக விரியாவிட்டால் இழையம் எங்கே தடிக்கும்?

ஹட்டனிலிருந்து: கண்டியில் ஸ்டென்ட் (இதய நாடியைத் திறந்து வைக்கும், மருந்து பூசிய கம்பிவலைக் குழாய்) வைத்தவரின் அறிக்கையில் "சீராக விரியவில்லை" என்றிருக்கிறது. திரும்ப அடைக்குமா?

பதில்: நாடிச் சுவரில் கல்சியம் படிந்த பக்கம் இளகாது, ஸ்டென்டை விரிக்கும் பலூன் எதிர்ப்பக்கத்தையே தள்ளும். அங்கே கம்பி இடைவெளி அகலும், மருந்து குறைவாய்ச் சேரும், இழையம் தடிக்கும். ஆனால் கோணலைவிட ஸ்டென்டின் உள் குறுக்குவெட்டுப் பரப்பு சிறுத்திருப்பதுதான் பெரிய வினை. ஐவஸ் (நாடிக்குள்ளிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) படத்தில் அந்தப் பரப்பு 5.5 சதுர மி.மீ.க்கு மேலோ, பக்கத்து நல்ல நாடியில் 80 வீதத்துக்கு மேலோ இருந்தால் பயம் குறைவு.

நுவரெலியாவிலிருந்து: சரிதான் அண்ணே, ஆனால் இடது பிரதான நாடிக்கு 5.5 காணாது. 180 பாகைக்கு மேல் சுற்றிய, 0.5 மி.மீ. தடித்த கல்சியத்தை முதலிலேயே உடைத்திருக்கவேண்டும். இனியென்றால் விறைப்பான நொன்-கொம்ப்ளயன்ட் பலூன், 18–20 அட்மொஸ்பியர் அமுக்கம். மென்பலூன் நாயெலும்பு மாதிரி இரு முனையும் ஊதி ஓரத்தைக் கிழிக்கும், நடு இடுக்கு அசையாது.