பாங்காக் சாட்டுசக் சந்தையில் பழம்பொருள் வாங்கலாமா?

ஊர்சுற்றி:
அடுத்த மாதம் வீட்டுக்காரரோடு ஒரு வாரம் தாய்லாந்து போகிறேன், பாங்காக்கில் நான்கு நாள், அப்புறம் சியாங் மாய். கடற்கரையெல்லாம் வேண்டாம், சந்தை சந்தையாகச் சுற்றி ஹாலில் வைக்க ஒரு பழைய மரச்சிற்பமோ வெண்கலப் புத்தர் தலையோ வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நிஜமாகவே பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேரம் எவ்வளவு பேசலாம்?

மரத்தூள்:
புத்தர் தலையை முதலில் மறந்துவிடுங்கள். பழம்பொருளோ புத்தர் சிலையோ, அந்த நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அவர்களுடைய நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும், 1961-லேயே போட்ட சட்டம். கழுத்தில் போட்டிருக்கும் சின்னத் தாயத்து என்றால் தொந்தரவில்லை. கடைக்காரர் "நோ ப்ராப்ளம்" என்றுதான் சொல்வார், ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து காட்டப்போவது அவரில்லையே. தலையை மட்டும் ஷோகேஸில் வைப்பதும் அங்கே பலருக்கு மனம் புண்படும் விஷயம்.

பழசு என்று சொல்லி என்னிடம் ஒரு மர யானையை விற்றார்கள், நூறு வருடமாம். ஓட்டலுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் காலுக்கடியில் மரம் புத்தம் புதிதாக மஞ்சளாக இருக்கிறது, பூச்சி அரித்த ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் நேர்நேராக, ட்ரில் போட்ட மாதிரி. மோந்து பார்த்தேன், ஷூ பாலிஷ் வாசனை! வாங்குவதற்கு முன்னால் கவிழ்த்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

தந்தத்தைத் தொடவே தொடாதீர்கள்.

குடைக்காரி:
பழசை விட்டுவிட்டுக் கைவினைப் பொருள் பக்கம் வாங்களேன். சியாங் மாய் பக்கத்தில் போ சாங் என்று ஒரு ஊர், மூங்கில் சட்டத்தில் மரப்பட்டையில் செய்த சா காகிதம் ஒட்டிக் குடை செய்கிறார்கள், கேட்டால் நம் போன் கவர் மேலேயே பூ வரைந்து தருவார்கள். மரவேலைக்கு சியாங் மாய் பக்கத்திலேயே பான் தவாய் என்ற கிராமம். அங்கே பழசு போலத் தெரியும்படி புதிதாகவே செய்து விற்கிறார்கள், அதனால் பழசின் விலை கொடுக்காதீர்கள். சியாங் மாய் ஊருக்குள்ளே வுவா லாய் தெருவில் வெள்ளித் தகடு தட்டும் சத்தம் கேட்கும், ஆனால் அலுமினியத்திலும் அதே வேலைப்பாடு செய்கிறார்கள், கையில் தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும்.

ஒரு விஷயம், கிழமை பார்த்துப் போங்கள். சாட்டுசக் முழுசாகத் திறப்பது சனி, ஞாயிறுதான். வுவா லாயில் வண்டிகளை நிறுத்திக் கடை போடும் நடைத்தெரு சனி மாலை, சியாங் மாய் பழைய கோட்டையின் தா பே வாசலிலிருந்து போகும் பெரிய நடைத்தெரு ஞாயிறு மாலை.

மரத்தூள்:
பேரம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நம் ஊர் மாதிரி பாதியில் ஆரம்பிக்காதீர்கள், குரலையும் உயர்த்தாதீர்கள். சிரித்துக்கொண்டே கால்குலேட்டரை வாங்கி உங்கள் விலையைத் தட்டிக் காட்டுங்கள். இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் அவர்களே குறைப்பார்கள்.

ஊர்சுற்றி:
நல்லவேளை கேட்டேன், நாங்கள் பாங்காக்கில் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரை! இப்போதே டிக்கெட்டை மாற்றப் பார்க்கிறேன், சனி காலை சாட்டுசக், ஞாயிறு விடிகாலை விமானம், மாலை நடைத்தெரு. குடையைக் கைப்பையில் விடுவார்களா, அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.