5.1 செட்டப்புல சென்டரும் பின்னாடி ஸ்பீக்கரும் ஊமையா இருக்கு, எங்க தப்பு?

மூலைச்சோபா:
எல்லாருக்கும் வணக்கம். 5.1 ஏவி ரிசீவர் ஒன்னு (அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் சத்தத்தைப் பிரிச்சுக் குடுக்குற பெட்டி) புதுசா மாட்டிருக்கேன். முன்னாடி லெஃப்ட் ரைட்டும் சப்வூஃபரும் சூப்பரா பாடுது, ஆனா சென்டர்லயும் பின்னாடி ரெண்டுலயும் மூச்சு பேச்சே இல்ல. ப்ளூரே பிளேயரும் ஸ்ட்ரீமிங் பாக்ஸும் டிவியோட எச்டிஎம்ஐல சொருகிருக்கு, டிவில இருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள் போகுது, அவ்ளோதான் கனெக்ஷன். ஹெலிகாப்டர் தலைக்கு மேல பின்னாடி இருந்து வர்ற சீன் ஒன்னு போட்டுப் பாத்தேன், அது டிவி பக்கத்துலயே சுத்திட்டு அங்கயே எறங்கிருது. ரிசீவர்ல ஆல் சேனல் ஸ்டீரியோன்னு ஒரு மோட் இருக்கு, அதுல வச்சா எல்லா ஸ்பீக்கர்லயும் சத்தம் வருது ஆனா முன்னாடி வர்ற அதே சத்தம்தான் பின்னாடியும். ரிசீவர் போயிருச்சா இல்ல செட்டிங்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

பாஸ்பிரியன்:
கேபிள்தான் ப்ரோ. மட்டமான கேபிள்ல சரவுண்ட் வராது, கோல்டு பிளேட்டட்ல நல்லதா ஒன்னு வாங்கிப் போடுங்க சரியாயிரும்.

டெசிபல்தம்பி:
கேபிள் வாங்க ஓடாதீங்க. டிஜிட்டல் கேபிள் கெட்டுப்போனா சத்தம் விட்டு விட்டு வரும், டப் டப்னு வெட்டும், இல்ல மொத்தமா நின்னுரும். சென்டரையும் பின்னாடி ரெண்டையும் மட்டும் தேடிப் புடிச்சு முழுங்குற கேபிள் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.

நீங்களே பாதி விடையைச் சொல்லிட்டீங்க. ஆல் சேனல் ஸ்டீரியோல எல்லாம் பாடுதுன்னா ஸ்பீக்கர் நல்லாருக்கு, வயர் நல்லாருக்கு, ஆம்ப்ளிஃபயரும் நல்லாருக்கு. ரிசீவருக்கு வர்ற சிக்னல்லயே ரெண்டு சேனல்தான் இருக்கு, அதை ரிசீவர் ஸ்டீரியோ மோட்ல அப்படியே வாசிக்குது, அதான் சென்டரும் சும்மா இருக்கு. படம் ஓடும்போது ரிசீவர் முன்னாடி இருக்குற டிஸ்பிளேயைப் பாருங்க, இல்ல ரிமோட்ல இன்ஃபோ அமுக்குங்க. பிசிஎம்னு, அதாவது சுருக்காத டிஜிட்டல் சத்தம்னு, காட்டுனா டிவி 5.1ஐ ரெண்டு சேனலா குறைச்சு அனுப்புதுன்னு அர்த்தம். டால்பி டிஜிட்டல்னோ டிடிஎஸ்னோ காட்டியும் பின்னாடி வரலன்னா அது வேற கதை, அப்ப ரிசீவரோட ஸ்பீக்கர் செட்டப் மெனுவுல சரவுண்ட் "இல்லை"ன்னு கெடக்கான்னு பாக்கணும்.

ஆப்டிகல்ல பிசிஎம் போனா 2 சேனல்தான், அதுக்கு மேல எடம் கிடையாது. 5.1 போகணும்னா டால்பி டிஜிட்டலாவோ டிடிஎஸ்ஸாவோ சுருக்குன வடிவத்துல போகணும், அதைப் பிரிக்கிற வேலை ரிசீவரோடது. அதனால டிவி சவுண்ட் செட்டிங்ல டிஜிட்டல் அவுட்புட்னு ஒன்னு இருக்கும், அது பிசிஎம்ல இருந்தா ஆட்டோவுக்கோ பிட்ஸ்ட்ரீமுக்கோ பாஸ்த்ரூவுக்கோ (வந்த சத்தத்தைப் பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது) மாத்துங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேரு வச்சிருப்பான், எங்கயாவது அட்வான்ஸ்டு, எக்ஸ்பர்ட்னு உள்ள ஒளிச்சும் வச்சிருப்பான், விடாம தேடுங்க.

மூலைச்சோபா:
தம்பி நீங்க சொன்ன மாதிரியே பிசிஎம்னுதான் காட்டுச்சு. டிவில ஆட்டோ போட்டதும் ஸ்ட்ரீமிங் பாக்ஸ்க்கு டிஸ்பிளே டால்பி டிஜிட்டல்னு மாறிருச்சு, பேச்சு எல்லாம் சென்டர்ல, மழை சத்தம் பின்னாடி, அருமை. ஆனா ப்ளூரே போட்டா மட்டும் இன்னும் பிசிஎம்தான். ஒரே டிவி, ஒரே கேபிள், இது மட்டும் ஏன் அடம் புடிக்குது?

பழையரிசீவர்:
பிளேயர் மெனுவுல போய் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்னன்னு பாருங்க, பெரும்பாலும் பிசிஎம்ல கெடக்கும். அப்படி இருந்தா பிளேயரே டீகோட் பண்ணிருது (சுருக்குனதைப் பிரிச்சிருது), எதிர்ல இருக்குற டிவி "எனக்கு ஸ்டீரியோ போதும்"னு சொன்னா ரெண்டு சேனலா குறைச்சும் குடுத்துருது. பிட்ஸ்ட்ரீம் போடுங்க. ஆனா அதோட முடியாது, டிஸ்க்ல இருக்குறது டிடிஎஸ் டிராக்கா இருந்தா சில டிவி அதை வெளிய விடவே விடாது, அங்க மறுபடியும் மாட்டுவீங்க.

என்னைக் கேட்டா டிவியை நடுவுல வைக்கிறதே தேவையில்லாத வேலை. பிளேயர்ல இருந்து எச்டிஎம்ஐ நேரா ரிசீவர் இன்புட்டுக்கு, ரிசீவரோட எச்டிஎம்ஐ அவுட்டுல இருந்து டிவில ஏஆர்சின்னு எழுதிருக்குற போர்ட்டுக்கு. கவனமா அந்த ஒரு போர்ட்டுதான், பக்கத்துல இருக்குறதுல சொருகிட்டு வரலன்னு சொல்றவங்கதான் அதிகம். படம் அந்த கேபிள்ல டிவிக்குப் போகும், டிவிக்குள்ள இருக்குற ஆப் சத்தமும் அதே கேபிள்ல திரும்பி ரிசீவருக்கு வரும், ஆப்டிகலைக் கழட்டிடலாம். ரெண்டு பக்கமும் சிஇசி (எச்டிஎம்ஐ வழியா ஒரு பெட்டி இன்னொன்னைக் கட்டுப்படுத்துற வசதி) ஆன்ல இருக்கணும், அது ஆஃப்னா நிறைய செட்ல ஏஆர்சி வேலையே செய்யாது. இந்த சிஇசிக்கும் கம்பெனிக்கு ஒரு பேரு.

இன்னொன்னு, ப்ளூரேல ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர்னு வர்ற தரம் குறையாத டிராக் ஆப்டிகல்லயும் போகாது, சாதா ஏஆர்சிலயும் போகாது. டிவி வழியா அனுப்பணும்னா எச்டிஎம்ஐ 2.1ஓட வந்த இஏஆர்சிலதான் (ஏஆர்சியோட மேம்பட்ட வகை) போகும். அதுக்காக டிவியை மாத்தணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நேரா ரிசீவர்ல சொருகிட்டா இஏஆர்சி இருந்தா என்ன இல்லாட்டி என்ன. பிளேயர்ல செகண்டரி ஆடியோ (மெனு சத்தம், கமெண்டரி எல்லாம் படத்தோட சத்தத்துல கலக்குற வசதி) ஆஃப்ல இருக்கட்டும், ஆன்ல இருந்தா ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ரெண்டையும் பிளேயரே சாதா டால்பி, டிடிஎஸ்ஸா எறக்கிதான் அனுப்பும்.

ஒரே ஒரு சிக்கல், ரிசீவர் பழசா இருந்து 4கே எச்டிஆர் உள்ள விடாதுன்னா படத்தோட தரம் அடிவாங்கும். அப்ப மட்டும் 4கே பாக்ஸை டிவிலயே விட்டுட்டு சாதா ப்ளூரேயை ரிசீவருக்கு மாத்துங்க.

டெசிபல்தம்பி:
மேல சொன்னது சரி. எல்லாப் படமும் 5.1 இல்லங்கிறதையும் மனசுல வச்சுக்கங்க. ஒரே படத்துல ஒரிஜினல் மொழி டிராக் 5.1ஆ இருக்கும், டப்பிங் டிராக் வெறும் ஸ்டீரியோவா இருக்கும், மொழியை மாத்துன உடனே பின்னாடி செத்துரும், செட்டப்பைத் திட்டுவோம். அந்த மாதிரி நேரத்துல ரிசீவரை டால்பி சரவுண்ட் மோட்ல போடுங்க, ஸ்டீரியோவையே ஓரளவு பிரிச்சுக் குடுக்கும். ஆல் சேனல் ஸ்டீரியோ விருந்தாளி வந்தா பாட்டு போட மட்டும். அப்புறம் 5.1 படத்துலயும் பின்னாடி எப்பவும் கத்தாது, ரெண்டு பேர் உக்காந்து பேசுற சீன்ல அங்க ஒன்னுமே இருக்காது.

மூலைச்சோபா:
பழையரிசீவர் அண்ணா, சொன்ன மாதிரியே மாத்திட்டேன், டிஸ்பிளேல டிடிஎஸ் எச்டி மாஸ்டர்னு வருது. ஹெலிகாப்டர் இப்பதான் முதுகுக்குப் பின்னாடி இருந்து கெளம்பி மேல போகுது, வீட்டுல இருக்குறவங்க ஒரு நிமிஷம் திரும்பியே பாத்துட்டாங்க. ஆனா பின்னாடி ரைட் ஸ்பீக்கர் லெஃப்டை விட கம்மியா கேக்குற மாதிரி இருக்கு. மனப்பிராந்தியா?

பழையரிசீவர்:
காதை நம்பாதீங்க, ரிசீவர் மெனுவுல டெஸ்ட் டோன் ஓட விடுங்க, ஒவ்வொரு ஸ்பீக்கரா ஷ்ஷ்னு ஒரே அளவு சத்தம் வரும், உக்காருற எடத்துல இருந்தே கேளுங்க. நிஜமாவே கம்மியா இருந்தா அந்த சேனலோட லெவலையும் தூரத்தையும் சரி பாருங்க. கூட மைக் குடுத்திருந்தா அதை சோபா மேல படுக்கப் போடாம காது உயரத்துல நிறுத்தி ஆட்டோ செட்டப் இன்னொரு தடவை ஓட்டுங்க.

அப்பவும் சரியாகலன்னா ரிசீவர் பின்னாடி சரவுண்ட் லெஃப்ட் வயரையும் ரைட் வயரையும் இடம் மாத்திச் சொருகுங்க. இப்பவும் அதே ரைட் பக்க ஸ்பீக்கர்தான் கம்மின்னா ஸ்பீக்கர்லயோ வயர்லயோ கோளாறு. குறை லெஃப்ட் பக்கம் தாவிருச்சுன்னா ரிசீவர்ல பாக்கணும். கையோட பிளஸ் மைனஸ் தலைகீழா இருக்கான்னும் பாத்துருங்க. இதெல்லாம் செய்யும்போது ரிசீவர் ஆஃப்ல இருக்கட்டும், வயரை நல்லா முறுக்கிச் சொருகுங்க, ஒரே ஒரு செம்பு இழை வெளிய நீட்டிக்கிட்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஆன் பண்ண உடனே ரிசீவர் புரொடெக்ஷனுக்குப் போய் தானா ஆஃப் ஆயிரும்.