மூன்று வகை கோரி ஒரே தொட்டியில்: பாண்டாவுக்கு மீசை தேய்கிறது, பெப்பர்ட் மேலும் கீழும் ஓடுகிறது, உதவுங்கள்

வைகைத்தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறேன். 3 அடி தொட்டி, தண்ணீர் ஏறக்குறைய 110 லிட்டர் இருக்கும். மேலே 12 நியான் டெட்ரா, அடியில் கோரி கெளுத்தி மட்டும்: பாண்டா 4, பெப்பர்ட் 2, ஸ்டெர்பாய் 3. எட்டு மாதமாக நன்றாகத்தான் இருந்தன, ஏப்ரல் கடைசியிலிருந்துதான் பிரச்சினை. பெப்பர்ட் இரண்டும் நிமிடத்துக்கு ஒரு தடவை விருட்டென்று மேலே போய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே வந்து விழுகின்றன. பாண்டாவுக்கு மீசை பாதிக்கு மேல் போய்விட்டது. நேற்று காலை ஒரு பாண்டா செத்துக் கிடந்தது. என் மகள்தான் முதலில் பார்த்தாள், இன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. மூன்று வகையைச் சேர்த்து வைத்ததுதான் தப்பா? ஒன்றை ஒன்று கடிக்கின்றனவா? என்ன மருந்து போடலாம்?

மணல்காரன்:
மருந்து எதுவும் போடாதீர்கள், முதலில் சில விவரம் வேண்டும். தொட்டித் தண்ணீரின் வெப்பம் எவ்வளவு? அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள், கல்லா மணலா, எத்தனை அங்குலம்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஃபில்டரை எப்படிக் கழுவுகிறீர்கள்? அம்மோனியா, அதாவது மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சு, அதை அளக்கும் டெஸ்ட் கிட் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். கடிக்கிறதா என்ற கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம். கோரி கடிக்கிற மீன் இல்லை, எந்த வகையை எந்த வகையோடு விட்டாலும் சண்டை போடாது.

வைகைத்தொட்டி:
நன்றி அண்ணா. மத்தியானம் பார்த்தபோது 31.5 டிகிரி. அடியில் கலர் கிராவல் இரண்டு அங்குலம். மாநகராட்சித் தண்ணீர் வந்தால் அது, வராத வாரம் போர் தண்ணீர். ஃபில்டர் ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை குழாயடியில் நன்றாகப் பிழிந்து கழுவுவேன். பக்கத்துக் கடையில் கிட் வாங்கிப் பார்த்தேன், அம்மோனியா 0.5, பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 8.

கோவை மீன்பித்தன்:
சகோதரி, கல் உப்பு ஒரு கைப்பிடி, மெத்திலீன் புளூ என்ற நீல மருந்து நாலு சொட்டு போடுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். நான் கோல்ட் ஃபிஷ்ஷுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

மணல்காரன்:
கோவை நண்பரே, கோல்ட் ஃபிஷ்ஷுக்கு ஒத்துக்கொள்வது இதற்கு ஒத்துக்கொள்ளாது. கோரி உப்புக்குப் பழகாத மீன், அதுவும் ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற மீனுக்குக் கை அளவில் உப்பு போடக் கூடாது. மெத்திலீன் புளூவைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் மிச்சமிருக்கிற நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

சகோதரி, உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதில் ஸ்பாஞ்சைப் பிழியும்போது அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவி விடுகிறீர்கள். குளிர் நாளில் 0.5 அம்மோனியாவை மீன் எப்படியோ தாங்கியிருக்கும், ஆனால் பிஎச்சும் வெப்பமும் ஏற ஏற அம்மோனியாவில் நஞ்சாகிற பங்கு ஏறும். பிஎச் 7, வெப்பம் 25 இருக்கும் தொட்டியோடு ஒப்பிட்டால், பிஎச் 8, வெப்பம் 31 இருக்கும் உங்கள் தொட்டியில் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல். போதாததற்கு சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. கோரி மேலே வந்து குடிக்கிற காற்று குடலுக்குப் போய் அங்கே ஆக்சிஜன் உறிஞ்சப்படுகிறது, அதனால் எப்போதாவது ஒரு தடவை மேலே வருவது அதன் இயல்புதான். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் தண்ணீரில் அதற்கு மூச்சு போதவில்லை.

இன்றே செய்ய வேண்டியது: 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் குளோரின் போக்கும் மருந்தை அளவாகப் போட்டு ஊற்றுங்கள். நாளையும் மறுநாளும் இதே போல. தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள், ஒன்றும் ஆகாது. காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். இனிமேல் ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் அலச வேண்டும். மாநகராட்சித் தண்ணீர், போர் தண்ணீர் என்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றாமல் இரண்டையும் ஒரே விகிதத்தில் டிரம்மில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கெளுத்தி:
மேலே சொன்னது எல்லாம் சரி, நான் மீசையைப் பற்றியும் வகைகளைப் பற்றியும் சொல்கிறேன்.

மீசை தேய்வதற்குக் கல்லின் கூர்மை ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் கல்லுக்கு அடியில் அழுகும் அழுக்கு. இரண்டு அங்குல கிராவலுக்குள் பெல்லட் இறங்கினால் எந்த மீனாலும் அதை எடுக்க முடியாது, அங்கேயே கெட்டுப்போகும், பாண்டா நாள் முழுக்க அதில்தான் மூக்கை வைத்துத் தேடும். கோரி மணலை வாயில் அள்ளி செவுள் வழியாக வெளியே விடுகிற மீன், அதற்கு மணல்தான் வேண்டும். எம்-சாண்ட் மட்டும் வாங்கிவிடாதீர்கள், உடைத்த கல், ஓரம் கூர்மையாக இருக்கும். கடற்கரை மணலும் வேண்டாம், கிளிஞ்சல் கலந்திருக்கும், தண்ணீர் இன்னும் கடினமாகும். தண்ணீர் ஃபில்டர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் உருண்ட மணல் நல்லது, மேலே வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். கிராவலை ஒரே நாளில் எடுக்காமல் அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகு வாரம் கால்வாசியாக எடுங்கள், ஒரு அங்குல மணல் போதும். வேர் வரை சதை இருந்தால் மீசை திரும்ப வளரும்.

அடுத்தது வகை. "கோரி" என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், ஆனால் மூன்றும் வேறு வேறு ஊர்க்காரர்கள். பெப்பர்ட் தெற்கே லா பிளாட்டா ஆற்றுப் படுகையிலிருந்து வந்தது, டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன்களை வைத்து 1842-இல் ஜெனின்ஸ் என்ற இயற்கையியலாளர் விவரித்த இனம். 18 முதல் 23 டிகிரி இருந்தால் அதற்குச் சந்தோஷம். பாண்டா பெருவில் ஆண்டிஸ் மலையடிவார ஓடைகளில் வாழ்வது, 25-ஐத் தாண்டினால் சிரமம். ஸ்டெர்பாய் பிரேசில் பொலிவியா எல்லையில் குவாபோரே ஆற்றுப்பக்கம், சூடான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் அதைத்தான் கூட விடுவார்கள், 28 அதற்கு இயல்பான வெப்பம். உங்கள் ஸ்டெர்பாய் மூன்றும் நன்றாக இருக்கின்றன அல்லவா? நீங்கள் அவற்றைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. இப்போது பெயரிலும் பிரித்துவிட்டார்கள், 2024-இல் வந்த வகைப்பாட்டில் இந்த மூன்றும் கோரிடோராஸ் ("கோரி" என்பது இதன் சுருக்கம்) என்ற பேரினத்தில் இல்லை, ஹோப்ளிசோமா என்ற பேரினத்தில் இருக்கின்றன. கடைக்காரர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள், அது பரவாயில்லை.

இன்னொன்று, இரண்டு பெப்பர்ட் ஒரு கூட்டம் ஆகாது. ஒவ்வொரு வகையிலும் ஆறாவது வேண்டும். ஒன்பது கோரி இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும், ஆனால் பெப்பர்ட்டுக்கு அங்கே ஒரே ஒரு துணைதான்.

வைகைத்தொட்டி:
ஆமாம் அண்ணா, ஸ்டெர்பாய் மூன்றும் முதல் நாள் மாதிரியே ஓடுகின்றன, நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். கடையில் "எல்லாம் கோரிதான், கலந்து எடுங்கள், அடியில் உள்ள கழிவைத் தின்று சுத்தம் பண்ணும்" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லை. வெப்பத்தைக் குறைக்க வேறு வழி உண்டா? கொடைக்கானலில் என் அக்கா வீட்டில் ஒரு தொட்டி சும்மா கிடக்கிறது, அங்கே கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

மணல்காரன்:
கோரி கழிவைத் தின்னாது. மற்ற மீனுக்கு மிஞ்சியது என்று விடாமல் தனியாகத் தீனி போட வேண்டும், விளக்கு அணைத்த பிறகு மூழ்கும் பெல்லட் போடுங்கள், டெட்ரா பறித்துக்கொள்ளாது.

வெப்பத்துக்கு: மூடியைத் திறந்து வலை போட்டுவிட்டு, சின்ன மேஜை ஃபேன் ஒன்று தண்ணீர்ப் பரப்பைத் தடவிப் போகிற மாதிரி வையுங்கள். மதுரைக் காற்று சென்னை அளவுக்கு ஈரமில்லை, 2 முதல் 3 டிகிரி குறையும். ஆவியாகிப் போனதற்கு ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள், போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஐஸ் கட்டி போடாதீர்கள், ஏறி இறங்குகிற வெப்பம் இன்னும் மோசம்.

ஆற்றுக்கெளுத்தி:
கொடைக்கானல் மிக நல்ல யோசனை. பெப்பர்ட், பாண்டா இரண்டும் அங்கே போகட்டும், ஹீட்டரை 21-இல் வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும், அக்கா பிறகு இரண்டிலும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இப்போதே கொண்டுபோகாதீர்கள். அந்தத் தொட்டி முதலில் பழக வேண்டும், உங்கள் ஸ்பாஞ்சில் இப்போது நல்ல பாக்டீரியா போதாது, அதனால் அங்கே புது ஃபில்டரை நான்கைந்து வாரம் ஓட்டி அம்மோனியாவும், அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு கொண்டுபோங்கள். பிடிக்கும்போது வலை வேண்டாம், பக்கத்துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் டப்பாவில் ஒதுக்கி எடுங்கள், உங்கள் விரலிலும் குத்தினால் நன்றாக வலிக்கும். பயந்த கோரி பையில் நஞ்சு கக்கும் என்பார்கள், எனவே தனித்தனிப் பையில், தண்ணீர் நிறைய விட்டு, விடியற்காலையில் கிளம்புங்கள். அங்கே போனதும் ஹீட்டர் 27-இல் இருக்கட்டும், ஒரு நாளைக்கு ஒரு டிகிரி இறக்குங்கள்.

வைகைத்தொட்டி:
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். அம்மோனியா ஒன்பதாவது நாள் பூஜ்யம் ஆனது. ஃபேன் வைத்த பிறகு 28.5-க்கு மேல் போகவில்லை. கிராவல் முழுதும் எடுத்தாயிற்று, அடியில் இருந்த கறுப்புச் சேற்றைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. பாண்டா மூன்றும் பெப்பர்ட் இரண்டும் போன ஞாயிறு கொடைக்கானல் போய்ச் சேர்ந்தன, அக்கா தினமும் வீடியோ அனுப்புகிறாள், மகள் அதைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் பார்க்கிறாள். பாண்டா ஒன்றுக்கு மீசை நுனி வெள்ளையாக முளைத்திருக்கிறது. ஸ்டெர்பாய் மூன்றுதான் இங்கே இருக்கின்றன, இன்னும் நான்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். நேராகத் தொட்டியில் விடலாமா?

மணல்காரன்:
விடாதீர்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு மூன்று வாரம் தனியாக வையுங்கள். வாங்கும்போது மீசை முழுதாக இருக்கிறதா, வயிறு ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், செத்த பாண்டாவை முதலில் பார்த்தவள் அவள்தானே, அவள் கண்ணுக்கு எது நல்ல மீன் என்று தெரியும்.