மறு: மறு: ஆட்டோஃபேஜிக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பவள் எழுதியது:
வணக்கம். காளானில் நிறைய இருக்கும் ஸ்பெர்மிடின் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். செல், தன்னிடம் உள்ள பழுதான புரதங்களையும் நுண்ணுறுப்புகளையும் சவ்வுப் பைக்குள் சுருட்டிச் செரித்து மூலப்பொருளை மீட்டுக்கொள்ளும் வேலைதான் ஆட்டோஃபேஜி. வயதாக ஆக அது மந்தமாகிறது. ஸ்பெர்மிடின் அதை முடுக்குவதாகவும், ஈஸ்ட், புழு, பழ ஈ மூன்றின் ஆயுளும் கூடியதாகவும் 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. சொல் 27 இடத்தில் வருகிறது. 'தன்னுண்ணல்' போடலாமா?

திண்ணைக்காரர் எழுதியது:
தனிக்குறில் முன் ஒற்று இரட்டியது, புணர்ச்சியில் குறையில்லை. பொருள்தான் இடறுகிறது: தன்னை உண்ணலா, தானே உண்ணலா? 'ஃபேஜி'க்கு மூலமான, கிரேக்கத்தில் உண்ணுதலைக் குறிக்கும் 'பாகெய்ன்' பங்கிடுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. வடமொழி 'பஜ்' அதன் உடன்பிறப்பு. நம் 'பகு' எட்டிப் பார்க்கவில்லையா? பகுத்துண்டு பல்லுயிர் ஓம்பச் சொன்ன மொழி இது. 'தற்பகுத்தூண்' என்பேன்.

பள்ளி வாத்தியார் எழுதியது:
ஐயா, குறளில் வருவது பிறருக்குக் கொடுத்து உண்பது. செல் யாருக்கும் ஒரு பருக்கை கொடுப்பதில்லை! 'தற்பகுத்தூண்' என்று கரும்பலகையில் எழுதினால் பையன்கள் எந்த ஊர் ஹோட்டல் என்பார்கள். 'தன்னுண்ணல்' சொல்லிப் பார்த்தேன். "சார், செல் தற்கொலை பண்ணிக்குதா?" என்று ஒருத்தி கேட்டாள். அது வேறு நிகழ்வு என்று விளக்குவதிலேயே பாதி வகுப்பு போயிற்று. பேசாமல் 'புரதச் சிதைப்பு' என்றால் என்ன?

ஆய்வகத்தாள் எழுதியது:
அது முடியாது. புரதத்தைச் சிதைக்க இன்னொரு வழியும் உண்டு. யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தால் முத்திரை குத்திய புரதங்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து நறுக்கும் புரோட்டியசோம். ஏழேழு துண்டுகள் கொண்ட நான்கு வளையங்களை அடுக்கிய பீப்பாய் அது. டிஎம்சி-95ஏ என்ற பூஞ்சைப் பொருள் பீப்பாய்க்குள் வெட்டும் இடத்தையே அடைத்துவிடும். ஒரு பூஞ்சைப் பொருள் புரோட்டியசோமைத் தடுக்கிறது, இன்னொன்றான ஸ்பெர்மிடின் ஆட்டோஃபேஜியை முடுக்குகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் கட்டுரை கந்தல்தான்.

ஆட்டோஃபேஜியை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமியை நினைத்துப் பாருங்கள். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டார். அரை மணி நேரத்தில் செல்லின் செரிக்கும் குமிழுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் துள்ளத் தொடங்கின, செரிக்க ஆளில்லாமல். 2016-இல் நோபல். ஈஸ்ட்டும் பூஞ்சைதான். என் ஓட்டு 'தன்னுண்ணல்'.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:
எங்கட பாடநூலில் ஈஸ்ட் 'மதுவம்', பூஞ்சை 'பங்கசு'. அங்கே மதுவம் என்றால் ஆருக்கும் விளங்காது, இங்கே ஈஸ்ட் என்றாலும் விளங்கும். முதலில் அதைத் தீர்ப்பமே? ஸ்பெர்மிடினுக்கும் தமிழ் வேணுமெண்டால் 'விந்து'வைத் தவிர்க்கேலாது, சொல்லிப்போட்டன்.

மொழிபெயர்ப்பவள் எழுதியது:
வேண்டாம் அண்ணா! நுண்ணோக்கி வல்லுநர் லேவன்ஹூக் 1678-இல் விந்தில் படிகம் பார்த்தது ஸ்பெர்மீன். அதன் தம்பி ஸ்பெர்மிடினுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஸ்பெர்மிடின் என்றே விடுகிறேன், ஆசிரியர் குழுவில் தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

நான்கு பேர் 'தன்னுண்ணல்', ஒருவர் 'ஆட்டோஃபேஜி' (தனிமடலில்), ஒருவர் 'தற்பகுத்தூண்'. முதல் இடத்தில் 'ஆட்டோஃபேஜி எனும் தன்னுண்ணல்', பிறகு தன்னுண்ணல் மட்டும். வாத்தியாருக்காகத் 'தற்கொலை அல்ல' என்று ஒரு வரி சேர்த்தேன். கோப்பு போய்விட்டது.

திண்ணைக்காரர் எழுதியது:
போகட்டும். ஆனால் தன்னுண்ணல் வேற்றுமைத்தொகை என்றால் எந்த வேற்றுமை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. 'பகு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.