புதுப்பிப்பு: தம்பியை மாற்றுத்திறனாளி பார்க்கிங்கில் விடாத விஷயம் சரியாகிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றிங்க. போன மாதம் கேட்டிருந்தேன்: கோவையில் ஒரு வணிக வளாகத்தில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) உள்ள என் தம்பியைப் பார்த்து "ஏனுங்க, நல்லாத்தானே நடக்கறீங்க" என்று காவலாளி வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் அதே இடத்தில் யார் யாரோ பைக்கை நிறுத்திவிட்டுப் போவார்கள், கேட்க ஆளில்லை.

பலன் தந்தது நீங்கள் சொன்ன யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) யோசனைதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்லும் 21 வகைகளில் இந்த நோயும் உண்டு என்று எழுதி, அட்டை நகலோடு மேலாளரிடம் நேரில் கொடுத்தேன். சண்டை போடச் சொன்னவர்கள் மன்னிக்கணும், நாளெல்லாம் வெயிலில் நிற்கிற காவலாளியிடம் கத்த மனசு வரவில்லை. பத்து நாளில் பைக்குகளை எடுத்துவிட்டுச் சங்கிலி கட்டினார்கள், இப்போது அட்டையைத்தான் பார்க்கிறார்கள், ஆளை அளப்பதில்லை.

எதிர்பாராதது ஒன்று. போன ஞாயிறு அங்கே ஒரு இளைஞர் காரை விட்டு விறுவிறுவென இறங்கினார், நானே போய்க் கேட்டுவிட்டேன். அவருக்கு ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), முழங்கால் மூட்டில் அடிக்கடி ரத்தக் கசிவாம். அதுவும் அந்த 21-இல் உள்ளதுதான். மன்னிப்புக் கேட்டேன், "பரவாயில்லீங்க்கா" என்று அட்டையைக் காட்டினார். தம்பியைச் சுட்ட அதே கேள்வியை நான் கேட்டது இன்னும் உறுத்துகிறது.