வழிமடல்: சந்தாதாரருக்கு அடுத்தடுத்துப் போகும் மின்மடலுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

'ஃபாலோ-அப் இமெயில்' என்பதற்கு நான் தமிழ்ச் சொல் கேட்டதும் வந்து குவிந்த மடல்களை எல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். மிக்க நன்றி. மடல் அனுப்பும் மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தச் சொல் வராத பக்கமே இல்லை. இது கோணினால் மற்றவை எல்லாம் கோணிவிடும் என்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். செய்திமடல் நமக்குத் தெரியும். ஒரு நாள் குறித்து, பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது. நாம் பேசுவது அது இல்லை. ஒருவர் 3ஆம் தேதி சேர்கிறார், இன்னொருவர் 17ஆம் தேதி சேர்கிறார் என்று வையுங்கள். சேர்ந்த உடனே இருவருக்கும் வரவேற்பு மடல். இரண்டு நாள் கழித்து அடுத்தது, ஐந்தாம் நாள் அதற்கடுத்தது. முதலாமவருக்கு 5, 8 தேதிகளிலும் மற்றவருக்கு 19, 22 தேதிகளிலும் அதே மடல்கள் போகும். மென்பொருள் ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே சேர்ந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, யாருக்கு எது முறை வந்துவிட்டது என்று சில நிமிடங்களுக்கு ஒரு தடவை பார்க்கும். இடையில் அவர் பொருளை வாங்கிவிட்டால் 'வாங்குங்கள்' என்னும் மடல்கள் நின்று, பயன்படுத்தும் முறையைச் சொல்லும் மடல்கள் தொடங்கும். ஆக, நாள் எண்ணுவது பெறுபவரின் காலக்கணக்கில். அனுப்புபவரின் நாட்காட்டிக்கு இதில் வேலை இல்லை. என்னைப் பொறுத்தவரை சொல்லுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி வந்த பரிந்துரைகள்.

> 'பின்தொடர் மடல்' என்றே வைத்துவிடலாமே. நேர்ப்பொருள், எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். 'என்னைப் பின்தொடர்ந்து வருகிறான்' என்று ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? சமூக வலைத்தளங்களில் 'பின்தொடர்' நிலைபெற்றதற்குக் காரணம், அங்கே பின்தொடர்வது வாசகர். இங்கே வாசகரை நிறுவனம் பின்தொடர்கிறது. செய்பவர் மாறியதும் சொல்லின் முகமே மாறிவிடுகிறது. மடல் என்ற சொல்லுக்குப் பழைய நிழல் ஒன்றும் உண்டு: மடலேறுதல். காதலுக்கு இசையாதவரின் ஊர்த்தெருவில் பனைமடல் குதிரையில் வந்து நிற்பது. 'பின்தொடர்' முன்னால் சேர்ந்தால் அந்த நிழல் வந்து ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்பேன்.

> ஆங்கிலத்தில் 'டிரிப்' என்றும் சொல்கிறார்கள். சொட்டுநீர்ப் பாசனம் போலச் 'சொட்டுமடல்' அழகாக இருக்குமே.

அழகுதான். எனக்கும் முதலில் இதன் மேல்தான் மனம் போனது. அளவாக, வேர்க்காலில், இடைவெளி விட்டு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் சொட்டுநீர் வயல் முழுவதற்கும் ஒரே குழாயில், ஒரே நேரத்தில் திறந்துவிடுவது. ஆளுக்கொரு தொடக்கநாள் என்ற முக்கியமான செய்தி அதில் இல்லை. அப்புறம், 'மூன்றாம் சொட்டுமடல்' என்று எழுதிப் பார்த்தேன். வரிசை இருப்பதே தெரியவில்லை. உருவகமாகக் கட்டுரையில் வரட்டும், பொத்தானில் வேண்டாம்.

'தொடர்மடல்' என்று இருவர் எழுதியிருந்தார்கள். 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு' என்று வரும் சங்கிலிக் கடிதத்தோடு குழம்பும். 'நினைவூட்டு மடல்' வரிசையில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். மற்றவை பாடமாகவோ வழிகாட்டலாகவோ இருக்கும்.

'தானியங்கி மறுமொழி' என்ற பரிந்துரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆங்கிலத்தில் 'ஆட்டோ ரெஸ்பாண்டர்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்கு வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். நான் விடுப்பில் இருக்கும்போது எனக்கு எழுதியவருக்குத் தானாகப் போகும் பதில் ஒன்று. சந்தா சேர்ந்தவருக்கு வரிசையாகப் போகும் மடல்கள் இன்னொன்று. முதலாவது, வந்த மடலுக்கு மறுமொழி. இரண்டாவதில் அவர் மடலே எழுதவில்லை, அதனால் மொழியும் இல்லை, மறுமொழியும் இல்லை. இணையத் தரநிலையே இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2004இல் வந்த ஆர்எஃப்சி 3834, தானாகப் போகும் மடலின் தலைப்பகுதியில் 'ஆட்டோ-ரிப்ளைடு' (தானாகப் பதிலளித்தது), 'ஆட்டோ-ஜெனரேட்டட்' (தானாக உருவானது) என்று இரண்டு வேறு குறிகளைச் சொல்கிறது. இப்படிக் குறியே இல்லாவிட்டால் இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று ஓயாமல் பதில் எழுதிக்கொண்டே இருக்கும் அபாயம் உண்டு. ஆகவே 'தானியங்கி மறுமொழி'யை விடுப்புப் பதிலுக்கே விட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் சிக்கிய முடிச்சைத் தமிழுக்கு ஏன் கொண்டுவர வேண்டும்?

சரி, என் பரிந்துரை 'வழிமடல்'.

தமிழில் 'வழி' என்றால் பாதை மட்டும் இல்லை. பின்வருவது, தொடர்ந்து வருவது என்ற பொருளும் அதற்கு உண்டு. வழித்தோன்றல் என்கிறோம். கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்ததை இன்னொருவர் வழிமொழிகிறார். இங்கே கவனியுங்கள்: முன்னால் ஒருவர் சொல்லாமல் வழிமொழிதல் நடக்காது. அதேபோல், ஒருவர் 'எனக்கு அனுப்புங்கள்' என்று இசைவு தராமல் வழிமடல் போகக்கூடாது. சேர்ந்ததும் உறுதி கேட்டுப் போகும் உறுதிமடலில் உள்ள இணைப்பை அழுத்தி அவர் இசைவை உறுதிசெய்த நேரத்திலிருந்துதான் நாள் எண்ணத் தொடங்க வேண்டும். இசைவு இல்லாமல் வருவதற்கு 'எரிதம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வழிமடலுக்கும் எரிதத்துக்கும் உள்ள வேறுபாடு சொல்லிலேயே தெரிகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பெறுபவர் நடக்கும் பாதையில் கூடவே வருவது என்ற முதற்பொருளும் கெடவில்லை.

தனி மடலில் வந்த ஒரு மறுப்பையும் சொல்லிவிடுகிறேன்: 'வழியனுப்புதல் நினைவுக்கு வருகிறது, விடைபெறும் மடல் என்று நினைத்துவிட மாட்டார்களா?' நியாயமான கேள்வி. 'வழியஞ்சல்' என்று வைத்தால் அந்தக் குழப்பம் வரும் என்றே நினைக்கிறேன். ஒலியும் நெருங்கிவிடுகிறது. அதனால்தான் 'மடல்' என்றே முடித்தேன். செய்திமடல், வழிமடல் என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றுக்கொன்று துணையாக விளங்கும்.

கிளைச்சொற்களையும் இடைமுகத்தில் போட்டுப் பார்த்தேன். வழிமடல் வரிசை, முதல் வழிமடல், வழிமடல் இடைவெளி. 'மூன்றாம் வழிமடல் ஐந்தாம் நாள் செல்லும்' என்ற வாக்கியம் தடையில்லாமல் ஓடுகிறது. ஓர் இடத்தில் மட்டும் சொல்லை விட உள்ளடக்கம் உறுத்தியது. 'திறக்காதவர்களுக்கு மட்டும் மீண்டும் அனுப்பு' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. திறந்தாரா என்பதை மடலில் ஒளிந்திருக்கும் ஒரு புள்ளிப் படம் இறங்கியதா என்று பார்த்துத்தான் கணிக்கிறார்கள். 2021இல் ஆப்பிள் தன் மடல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், வாசகர் திறக்காவிட்டாலும் அந்தப் படம் முன்கூட்டியே இறங்கிவிடும். படத்தைத் தடுத்து வைத்திருப்பவர் படித்தாலும் படிக்காதவர் கணக்கில் சேர்வார். எனவே 'திறந்ததாகப் பதிவாகாதவர்களுக்கு' என்று தமிழாக்கியிருக்கிறேன். நீளம்தான், ஆனால் உண்மை.

சந்தாதாரர் என்பதை மாற்றப் போவதில்லை. கட்டண வாடை அதில் இருக்கிறது என்பது சரிதான், ஆனாலும் புழக்கத்தில் ஊறிய சொல்.

இன்னும் தீராமல் இருப்பது 'அன்சப்ஸ்கிரைப்', அதாவது சந்தாவிலிருந்து விலகுவது. பல செயலிகளில் 'குழுவிலகு' என்று பார்க்கிறோம். வழிமடல் பெறுபவர் எந்தக் குழுவிலும் இல்லை. மற்றவர்கள் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. வணிக மின்மடல் பற்றிய அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் விலகல் கோரிக்கையைப் பத்து வேலை நாட்களுக்குள் நிறைவேற்றச் சொல்கிறது. ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளோ, மொத்தமாக அனுப்புவோர் ஒரே அழுத்தத்தில் விலக வழிசெய்து இரண்டு நாளில் நிறுத்த வேண்டும் என்கின்றன. இவ்வளவு எடையைத் தாங்கும் பொத்தானில் எழுதியிருப்பது ஐயமில்லாமல் விளங்க வேண்டும். எங்கள் மென்பொருளில் அது இரண்டு பொத்தான்: ஒரு வரிசையை மட்டும் நிறுத்துவது ஒன்று, பட்டியலிலிருந்தே பெயரை எடுப்பது மற்றொன்று. 'இவ்வரிசையை நிறுத்து', 'எல்லா மடல்களையும் நிறுத்து' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது பொத்தான் கைப்பேசித் திரையில் இரண்டு வரியாக உடைகிறது. பொருள் குறையாமல் அதைச் சுருக்க யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.