பாவித்த உடுப்பு வாங்கிய அனுபவங்கள்

2022 மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்ட நாட்களில்தான் எனக்குக் கணக்காளர் வேலை கிடைத்தது. புதிய உடுப்பு வாங்கக் கையில் பணம் இல்லாததால், பாவித்தவற்றைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் ஒரு சேர்ட்டை, கழுத்துப்பட்டியில் இருந்த வெளிநாட்டுப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினேன். வீட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, அக்குள் பகுதி வியர்வையில் இற்றுச் சல்லடைபோலத் தெரிந்தது; இரண்டாவது சலவையில் கிழிந்தது. உள்ளே ‘இலங்கையில் தயாரிக்கப்பட்டது’ என்ற சீட்டும் இருந்தது. எந்த ஊரில் யார் உடுத்தினாரோ, தைத்த நாட்டுக்கே திரும்பி வந்திருந்தது.

அதன்பின், காலமான கணவரின் உடுப்புகளை ஓர் அம்மா விற்கிறார் என்று கேள்விப்பட்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அவர் என்னை இருத்தித் தேநீர் தந்துவிட்டு, ஒவ்வொரு காற்சட்டையையும் உட்புறம் புரட்டிக் காட்டினார். “இதை எடுக்காதேங்கோ தம்பி, தொடைப்பக்கம் தேய்ஞ்சு போச்சு” என்று இரண்டைத் தாமாகவே ஒதுக்கினார். மற்றவற்றில் இடுப்பின் பின்தையலில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணி மடித்து விடப்பட்டிருந்தது; அவ்வளவு இருந்தால் தையல்காரர் அகட்டித் தருவார் என்பதை அவரிடம்தான் அறிந்தேன். நான்குக்கும் சேர்த்து 2000 ரூபாய் கேட்டார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

*

மேலே எழுதியவர் காற்சட்டையைச் சொன்னார். நான் பட்டுச் சேலையைச் சொல்கிறேன். தங்கையின் கலியாண எழுத்துக்காக, காஞ்சிபுரம் என்று சொல்லப்பட்ட ஒரு பழைய சேலையைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தோம். கூட வந்த பெரியம்மா, முந்தானை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இழையைக் கேட்டு வாங்கித் தீயில் காட்டினார். மயிர் கருகும் மணம் வந்தது, சாம்பல் விரலில் பொடியானது. பொலியெஸ்டராக இருந்திருந்தால் உருகிக் கட்டியாகியிருக்கும். ஆயினும் அவர் வாங்க விடவில்லை. ஆண்டுக்கணக்காக ஒரே மடிப்பில் அலுமாரியில் கிடந்ததால், மடிப்புக் கோடுகள் நெடுகப் பட்டு வெடித்திருந்தது.

கடைசியில் தங்கை உடுத்தியது பெரியம்மாவின் சேலையைத்தான். ஆண்டுக்கொரு தடவை எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்த சேலை அது.